இடது கால் பூட்ஸ்

அவருடைய மாமியார் மூன்று முறை செத்தார். நான்காவது முறை அந்த அம்மாள் உண்மையாகவே செத்தபோது ஷிஃப்ட் பாஸ் நம்பவில்லை. லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆள் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. நேராக விளக்கறை ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினார். அப்போது நான் அங்கேதான் வேலையில் இருந்தேன். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கும் பாட்டரியும் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

"அண்ணே, நெசமாவே போயிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"போ... போயிட்டாங்கடா" என்றார். நாக்கு குழறியது. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் வேணா வந்து பாஸ்கிட்ட சொல்லட்டுமா?"

"வாணாம் வுடு. நாலாவது தடவ சொன்னா நானே நம்பமாட்டேன். அந்தாளு மேல இன்னா தப்பு?" என்று சொல்லிவிட்டு, பாட்டரியை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் ஏறிப் போய்விட்டார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்து, குளித்துவிட்டு, இடுகாட்டுக்குப் போய் மண்மேட்டைத்தான் பார்த்தார்.

அவர் புளுகும்போது பேச்சு குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடும். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. உண்மையைச் சொல்ல வேண்டி வந்தால்தான் திக்கும். கோலார் தங்கவயலில் இதைக் கண்டுபிடித்தவர்கள் நாலைந்து பேர்கூட இருக்கமாட்டோம். ஊர் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் மனைவி, எங்கள் அண்ணி, இன்னும் இருக்கிறார், படிக்கவும் தெரிந்தவர்.

ஆள் குட்டை. பெரிய காது. முன்பல் ஒன்று கிடையாது. அந்தப் பல் போன கதையை ஆளுக்கொன்றாகச் சொல்லி வைத்திருந்தார். என்னிடம் சொன்னது, கேஜ் கயிறு நழுவியபோது பல்லால் கடித்து நிறுத்தினாராம். என் மனைவியிடம், கல்யாணப் பந்தியில் எலும்பு கடித்தபோது போனது என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். நான் இரண்டையுமே நம்பவில்லை.

விளக்கறைக்கு வருவதற்கு முன்பு நானும் கீழே இறங்கியவன்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கேங். வெட்டியெடுத்த இடத்தில் பாறை இறங்கிவிடாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. அந்த ஆழத்தில் சில நாள் பாறை தானாகவே வெடிக்கும். எங்கள் ஊரில் அதை ஏர் பிளாஸ்ட் என்போம். எங்கேயோ தூரத்தில் குமுறும், காலுக்குக் கீழே தரை உதறும், எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அவர் மட்டும் மரத்தைச் சீவிக்கொண்டே, "ஒண்ணுமில்லடா, மேல பூதிகோட்டை ரோட்டுல தக்காளி லாரி போவுது" என்பார். மேலே ரோடு எங்கே, நாங்கள் எங்கே! ஆனால் புதிதாக வந்தவன்கூட அதைக் கேட்டதும் சிரித்துவிடுவான். சிரித்தால் மூச்சு வரும், மூச்சு வந்தால் கை வேலை செய்யும். அந்தப் பொய்யை வைத்து நாங்கள் எத்தனையோ ஷிஃப்ட் ஓட்டியிருக்கிறோம்.

மூன்றாவது தடவை மாமியார் செத்ததற்குத்தான் எனக்குக் கால் போனது.

தொண்ணூறுகளின் ஆரம்பம். அன்றைக்கு எனக்கு வார லீவு. காலையிலேயே சாம்பியன் ரீப்ஸில் இருந்த தன் வீட்டிலிருந்து, ஊரிகத்தில் கம்பெனி எனக்குக் கொடுத்திருந்த லைன் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். வாசலில் நின்று அழுதார், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. "மாமியார் போயிட்டாங்கடா தம்பி. என் ஷிஃப்ட்டுக்கு நீ எறங்கிடு, புண்ணியமாப் போவும்." ஒரு வார்த்தைகூடத் திக்கவில்லை. அந்த அம்மாளை இரண்டு நாளைக்கு முன்பு மார்க்கெட்டில் கீரைக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நான் பார்த்திருந்தேன். பொய் என்று தெரிந்தேதான், "சரிண்ணே, போய்ட்டு வாங்க" என்றேன். அவ்வளவு நன்றாகச் சொன்ன பொய்யை வீணாக்க மனது வரவில்லை.

அவர் போனது பூதிகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு. மட்டன் பிரியாணி. அவர் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அவர் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றிருந்தேன். கல் சரிந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் கால்மாட்டில், வலது கால் இருந்திருக்க வேண்டிய பக்கமாக நின்றார். "நா... நான்... அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததா? இருந்தது. இல்லையென்று எழுதினால் அவரைவிடப் பெரிய புளுகன் நான்.

அதன்பிறகு நான் யாரோடும் பேசவில்லை. கஞ்சியைக் குடி என்றால் வாயை இறுக்கிக்கொள்வேன். என் மனைவி பைபிளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், ஆனால் படிக்கமாட்டாள். அவளுக்கு வேறு கவலை. மூன்று மாதத்தில் மெடிக்கல் போர்டு. அங்கே வாசலிலிருந்து டாக்டர் மேசைவரை யாரும் பிடிக்காமல் நடந்து காட்ட வேண்டும். நடந்தால் மேலே உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கிடைக்கும். நடக்காவிட்டால் அன்ஃபிட் என்று எழுதிவிடுவார்கள். வேலை போனால் லைன் வீடும் போகும்.

"ரெண்டு பொட்டப்புள்ளங்கள இட்டுகினு நான் எந்த ஊருக்குப் போவேன், சொல்லு" என்று அவள் கேட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை.

இருபது நாளைக்குப் பிறகு ஒரு மாலை, பார்வையாளர் நேரத்தில் அவர் மறுபடி வந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை. கையில் ஒரு பெரிய பொட்டலம். கல்யாணத்துக்குக் கொடுக்கிற ஜிகினாத் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, 'மணமக்களுக்கு அன்புடன்' என்று எழுதியிருந்த அட்டையும் ஒட்டியிருந்தது. வார்டில் நடமாட முடிந்தவர்கள் எல்லோரும் என் கட்டிலைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். நர்ஸ்கூட வந்துவிட்டார்.

"பிரி தங்கச்சி" என்றார் என் மனைவியிடம்.

அவள் ரிப்பனை அவிழ்த்து, தாள் கிழியாமல் பிரித்தாள். உள்ளே கறுப்பு பூட்ஸ். சுரங்கத்தில் போடுகிற, முனையில் இரும்பு வைத்த, புத்தம்புது பூட்ஸ். ஒன்றே ஒன்று. இடது கால்.

என் மனைவியின் முகம் சிவந்துபோனது. "ஏண்ணே, மனுசன்தானா நீங்க? இதுலகூடவா வெளையாட்டு?" என்று அழ ஆரம்பித்தாள்.

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "இன்னா தங்கச்சி இப்பிடி கேக்கற? ரெண்டும் குடுத்தா ஒண்ணு வேஸ்ட்டு. ஸ்டோருல ஒரு ஜோடி கூடுதலா வந்துடுச்சு. சாம்பியன் ரீப்ஸுல ஒருத்தன் கீறான், இவன மாதிரியேதான், ஆனா போனது எடது காலு. அவனுக்கும் எட்டாம் நம்பரு. வலது அவனுக்கு, எடது இவனுக்கு. கணக்கு சரியாப் போச்சா இல்லியா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது, சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கி, தையல் இழுத்து, வலி உச்சிக்கு ஏறி, அப்போதும் நிறுத்த முடியாமல் சிரித்தேன். வார்டே சிரித்தது. என் மனைவியும் அழுகையோடு சேர்த்துச் சிரித்தாள். அன்றைக்குத்தான் கஞ்சியை முழுசாகக் குடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். வரும்போதெல்லாம் சாம்பியன் ரீப்ஸ்காரனைப் பற்றி ஒரு சேதி கொண்டுவருவார்.

"அவன் தானா கக்கூஸ் போறான்டா. நீ இன்னா இன்னும் பெட்பேனுல கீற?"

"நேத்து அவன் ஸ்டேஷன் வரிக்கும் நடந்துட்டான். உன்ன பத்திக் கேட்டான். படுத்துகினு கீறான்னு சொல்ல எனக்கே வெக்கமாப் போச்சு."

முகம் தெரியாத அந்த மனிதன்மேல் எனக்குப் பயங்கரமான பொறாமை. அவன் பத்தடி நடந்தால் நான் பதினைந்தடி நடப்பேன். கார்பென்டர் ஷாப்பில் ரப்பர் அடித்துச் செய்துகொடுத்த கட்டைக்காலை வலது பக்கம் கட்டிக்கொண்டு, இடது காலில் அந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு, வராண்டாவில் விழுந்து எழுந்து பழகினேன்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வெட்டியெடுத்த காலின் பெருவிரல் வலித்தது. இல்லாத விரலை யாரோ இடுக்கியால் முறுக்குவது மாதிரி. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவரிடம்தான் சொன்னேன். ஏன் அவரிடம் என்று கேட்டால், அவர் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் அல்லவா.

"அதுவா? சாம்பியன் ரீப்ஸ்காரனுக்கும் அப்பிடித்தான் வலிச்சுது" என்றார் உடனே. "ஒரே மாசம். நின்னுபோச்சு."

நான் ஒரு மாதம் நாளை எண்ணினேன். வலி நிற்கவில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் நான் நடக்கப் பழகியிருந்தேன். போர்டு அன்றைக்கு வாசலிலிருந்து மேசைவரை யார் கையும் படாமல் நடந்தேன். விளக்கறையில் வேலை போட்டார்கள், வீடும் தங்கியது. பிற்பாடு அளவெடுத்துச் செய்த கால் ஒன்றை மாட்டிப் பார்த்தேன், புண்ணானதுதான் மிச்சம். கட்டைக்காலோடே இருந்துவிட்டேன். அதனால் எனக்கு ஒரு பூட்ஸ் போதும்.

அந்த ஒன்று வருடாவருடம் வந்தது. கீழே இறங்குகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுப்பார்கள், மேலே இருக்கிற எங்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு பூட்ஸ் கொடுத்த வாரத்திலேயே ஜிகினாத் தாளில் சுற்றிய இடது பூட்ஸோடு வீட்டு வாசலில் நிற்பார். ஒவ்வொரு வருடமும் ஸ்டோரில் சரியாக ஒரு ஜோடி மட்டும் எப்படிக் கூடுதலாக வரும் என்று நான் கேட்கவில்லை. ஏதாவது தில்லுமுல்லு இருக்கும், தெரிந்துகொண்டு நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். சும்மா வருவதை யார் ஆராய்ச்சி செய்வார்கள்?

கிறிஸ்துமஸுக்கு என் மனைவி சாம்பியன் ரீப்ஸ்காரனுக்கென்று தனியாக ஒரு டிபன்பாக்ஸில் பிரியாணி கட்டுவாள். அவர்தான் வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் கழுவிய பாத்திரத்தைக் கொண்டுவந்து, "உப்பு கொஞ்சம் கம்மின்னு சொன்னான் தங்கச்சி" என்பார். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஒத்தக் காலு, நாக்கு மட்டும் நீளம்" என்று திட்டிக்கொண்டே அடுத்த வருடம் உப்பைக் கூட்டிப் போடுவாள்.

எனக்கு அந்த மனிதனைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கேட்டால், வேலூருக்குப் போயிருக்கிறான், மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறான், வெளியே வரக் கூச்சப்படுகிறான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சாம்பியன் ரீப்ஸுக்குப் போய் லைன் லைனாக விசாரித்தேன். ஒரு டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒத்தக் கால் ஆளா? இங்க உன்னத் தவர யாரும் இல்லப்பா" என்றார். எனக்கு அவமானமாகிவிட்டது. நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவருடைய பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்று புதுசு, ஒன்று கிழிசல். எது எந்தக் கால் என்று கோபத்தில் நான் பார்க்கவில்லை.

"இன்னாண்ணே இது?"

"ஒண்ண நாய் தூக்கிகினு போயிட்டுது" என்றார், திக்காமல்.

"புளுகாதண்ணே!" என்று கத்தினேன். "அப்பிடி ஒருத்தன் இல்லவே இல்ல. வலது பூட்ஸ எவனுக்கு வித்த? ஏன் எங்கிட்ட வெளையாடற?" எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவரிடம் அன்றைக்குத்தான் ஒருமையில் பேசினேன்.

அவர் கோபப்படவில்லை. "கீறான்டா. ஒருநாள் காட்டறேன்" என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். என்னிடம் பழைய இடது பூட்ஸ்கள் சேர்ந்துவிட்டன. மேலே நடக்கிற காலுக்கு பூட்ஸ் தேயாது, கட்டிலுக்கடியில் நான்கைந்து நல்ல நிலையிலேயே கிடந்தன. என் மனைவி ஒன்றில் மண் போட்டு வாசலில் புதினா வைத்திருந்தாள். அவர் ஒருமுறை குனிந்து அந்தப் புதினாவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா வந்துகீது தங்கச்சி" என்றார். ஒரு கட்டுப் பறித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனார்.

விளக்கறை ஜன்னல் மார்பு உயரத்தில் இருக்கும். வருகிறவர்களின் முகத்தையும் கையையும்தான் உள்ளே இருந்து பார்க்கலாம், காலைப் பார்க்க முடியாது. அவர் வரிசையில் நிற்கும்போது பின்னால் இருப்பவர்கள், "இன்னா மாமா, ஒரு கால்ல மாப்ள, ஒரு கால்ல கெழவனா?" என்று கேட்டுச் சிரிப்பது எனக்குக் கேட்கும். நானும் எதற்கென்று தெரியாமல் சிரித்திருக்கிறேன்.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று எல்லோரும் பேச ஆரம்பித்திருந்த கடைசி வருடம். ஒரு வாரம் அவர் ஜன்னலுக்கு வரவில்லை. மாமியார் ஏற்கெனவே போய்விட்டாரே, இப்போது யாரைச் சாகடித்திருப்பார் என்று நாங்கள் கேலி பேசிக்கொண்டிருந்தோம். எட்டாம் நாள் சேதி வந்தது. அதே ஆஸ்பத்திரி. காலில் ஆணி ஏறி, சர்க்கரை இருந்த உடம்பாகையால் புண் புரையோடி, எடுத்துவிட்டார்களாம். இடது காலை.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அவருடைய பூட்ஸ் அதில் இருந்தது. நான் வெளியே எடுத்துப் பார்த்தேன். வலது பூட்ஸ் அந்த வருடத்தது. இடது பூட்ஸை பூட்ஸ் என்றே சொல்ல முடியாது. அடியில் லாரி டயர்த் துண்டு வைத்து மூன்று நான்கு தரம் தைத்திருந்தது. முனையில் தோல் போய் இரும்பு துருவேறித் தெரிந்தது.

"எட்டு வருசமா எடது கால்ல இத்தையேதான் மாட்டிகினு எறங்குறாரு" என்றார் அண்ணி. "புதுசு எங்கன்னு கேட்டா, எடது கால மட்டும் புதுசு கடிக்குதுன்னுவாரு. ஈரத்துல நின்னு நின்னு வெரலெல்லாம் ஊறிப்போயிடும். ஆணி ஏறினதக்கூட எறும்பு கடிச்சுதுன்னுதான் எங்கிட்ட சொன்னாரு. இந்த மனுசன் எதத்தான் நெசமா சொன்னாரு?"

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த வலது பூட்ஸை என் இடது காலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். ஒரே தோல், ஒரே தையல், ஒரே மஞ்சள் கயிறு. ஜோடி சேர்ந்துவிட்டது. கட்டிலுக்கடியில் கிடந்த நான்கைந்து பூட்ஸும், வாசலில் இருந்த புதினாவும் கண்முன் வந்தன. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. என்மேல் வந்ததையும்தான்.

பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கட்டைக்கால் சத்தத்தைக் கேட்டதும் அவர் கண்ணைத் திறந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"வாடா. பாக்கணும் பாக்கணும்னு உயிர வாங்கினியே. சாம்பியன் ரீப்ஸு, எடது காலு இல்ல, எட்டாம் நம்பரு. நல்லா பாத்துக்க. நான் எங்கடா புளுகினேன்?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. "ஏண்ணே இப்பிடிப் பண்ணீங்க? பழைய பூட்ஸையாவது கேட்டிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"கேட்டா தங்கச்சி புதினாவ எங்க வெக்கும்?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் தடுக்கவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். நானும் எழுந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"டேய்... அந்த... இல்லாத காலு..." நாக்கு குழறியது. "வ... வலிக்குதுடா. எப்ப... எப்ப நிக்கும்?"

எனக்கு எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அது நின்றதில்லை. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் வலது பெருவிரலை யாரோ முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"ஒரே மாசம்ணே" என்றேன். "எனக்கு ஒரே மாசத்துல நின்னுபோச்சு."

நான் திக்கவில்லை. அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சரிடா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.